கல்லச்சும் துளையச்சும்: தங்கால் வட்டாரத்தில் நிறம் கற்ற வரலாறு

சங்கப் புலவர் பெயர்களை ஆராய்வோர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் பெயரருகே சற்று நின்று செல்வது வழக்கம். ஊர்ப்பெயரும் தொழிற்பெயரும் இயற்பெயருக்கு முன்னே அமர்ந்திருக்கும் பெயர் அது. தங்கால் என்பது இன்றைய திருத்தங்கல். பொன்னை உருக்கித் தகடாக்கிக் கம்பியாக்கிய கையே செய்யுளும் எழுதியது என்பதில் அன்றைய தமிழுலகம் வியப்பதற்கு எதையும் காணவில்லை. வியந்திருந்தால் தொழிற்பெயரைப் பாட்டின் தலையில் எழுதி வைத்திருக்காது. கைத்தொழிலும் கவிதையும் தனித்தனி என்னும் எண்ணம் மிகப் பிற்காலத்தது.

இதே ஊரைச் சிலப்பதிகாரமும் அறியும். கட்டுரை காதையில் பராசரன் என்னும் அந்தணன் பரிசிலோடு திரும்பும் வழியில் தங்காலில் இளைப்பாறுகிறான். விளையாடும் சிறுவருள் ஒருவன், மழலை மாறாத வாயினன், அவன் ஓதியதைப் பிழையின்றி உடனோதிப் பரிசு பெறுகிறான். அப்பரிசே பின்னர் அவன் தந்தை வார்த்திகன் மீது திருட்டுப் பழி சுமத்தக் காரணமாகிறது. கற்றவன் பெற்ற வெகுமதிக்குப் பெற்றவன் சிறை சென்றான். கற்றலுக்கு யார் விலை கொடுக்கிறார் என்னும் கேள்வி இவ்வூரின் கதையில் அன்றே நுழைந்துவிட்டது. இவ்வட்டாரத்து அச்சுத்தொழில் வரலாற்றிலும் அது வேறு உருவில் எதிர்ப்படுகிறது.

திருத்தங்கல் சிவகாசிக்கு ஒட்டிய ஊர். 2021-இல் இரு நகராட்சிகளும் இணைந்து சிவகாசி மாநகராட்சி ஆயின. அதற்கு நெடுங்காலம் முன்பே தீப்பெட்டியும் வெடியும் அச்சும் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தன. கரிசல் நிலம், குறைந்த மழை, வறண்ட காற்று ஆகியவை உழவனுக்கு இடர், தீக்குச்சிக்கு வரம். காகிதத்திற்கும் அப்படியே. ஈரக்காற்றில் தாள் நீளும், உலர்காற்றில் சுருங்கும். ஒரே தாளைப் பலமுறை எந்திரத்தில் செலுத்தி நிறத்தின்மேல் நிறம் ஏற்றுவோருக்குத் தாள் ஒரு மயிரிழை நீண்டாலும் படத்தில் கண் ஓரிடம், மை தீட்டிய இமை ஓரிடம் என்றாகிவிடும். வானம் பொய்த்த ஊரில் வண்ண அச்சு தழைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1922-ஆம் ஆண்டில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-இல் ஊரில் தொழில் தொடங்கினர் என்பது பலரும் அறிந்த செய்தி. அவர்கள் நூல் படித்துக் கற்கவில்லை. தொழில் நடக்கும் இடத்தில் நின்று, கண்ணால் பார்த்துக் கையால் செய்து கற்றனர். இறக்குமதித் தீக்குச்சிகள் மீது கனத்த வரி விழுந்த காலம் அது. ஸ்வீடனும் ஜப்பானும் இந்தியச் சந்தைக்கென்றே தீப்பெட்டி அனுப்பிக்கொண்டிருந்தன. ஜப்பானியர் நம் தெய்வ உருவங்களையே சிறு லேபிள்களில் அச்சிட்டு நமக்கு விற்றனர். ஆகவே உள்ளூர்ப் பெட்டிக்கும் படம் வேண்டும். எழுத்தறியாதவரும் படத்தைச் சொல்லித்தான் பெட்டி கேட்பார். பிற்காலத்தில் வெடிகளுக்கு அணிலும் சேவலும் சின்னங்களானதும் இதே காரணத்தால்தான்.

லேபிளுக்கு வெளியூரை நம்பியிருந்த நிலை 1928-இல் மாறியது. அவ்வாண்டில் கே.எஸ்.ஏ. அருணகிரி நாடார் சிவகாசியில் லித்தோ அச்சகம் நிறுவினார். தீக்குச்சிக்குத் துணையாக வந்த தொழில் வெகுவிரைவில் நாட்காட்டி, வாழ்த்து அட்டை, நாட்குறிப்பு, சுவரொட்டி எனத் தனக்கென ஓர் அரசை அமைத்துக்கொண்டது. நேரு சூட்டியதாகச் சொல்லப்படும் ‘குட்டி ஜப்பான்’ என்னும் பட்டம் ஊருக்கு நிலைத்தது.

லித்தோ என்னும் கல்லச்சு ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலாய்ஸ் செனஃபெல்டர் 1790-களின் இறுதியில் கண்ட முறை. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புக் கல்லை மழமழப்பாகத் தேய்த்து, கொழுப்புள்ள மையால் அதன்மேல் வரைய வேண்டும். பிறகு கல்லை நீரால் நனைத்தால் வரையாத இடம் நீரை ஏற்கும். வரைந்த இடம் நீரை விலக்கி அச்சுமையை ஏற்கும். எண்ணெயும் நீரும் ஒட்டா என்னும் அடுக்களை அறிவே இதன் முழுத் தத்துவம். எழுத்தைத் தலைகீழாக அன்று, இடவலம் மாற்றி எழுத வேண்டும். தமிழ் உயிர்மெய்களின் கொம்பையும் காலையும் கண்ணாடியில் தெரிவதுபோல் தடையின்றி எழுதும் பயிற்சிக்கு எத்தனை நாள் ஆகும் என்பதைக் கவிஞர் எவரும் தம் பெயரை ஒருமுறை அவ்வாறு எழுதிப் பார்த்து உணரலாம்.

எழுத்தினும் கடினம் நிறம். ஒரு கல்லுக்கு ஒரு நிறம். முருகனின் படத்திற்கு மஞ்சள் ஒரு கல், இளஞ்சிவப்பு ஒரு கல், நீலம் ஒரு கல் எனப் பத்தையும் தாண்டிப் போவதுண்டு. ஓவியர் தீட்டித் தந்த ஒரே படத்தைப் பார்த்து, இதில் மஞ்சள் எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது, எங்கே அடர்த்தி, எங்கே மெலிவு என்று மனத்தால் உரித்தெடுத்து, அதைக் கறுப்பு மையால் புள்ளி புள்ளியாகக் கல்லில் இட வேண்டும். அவன் கண்முன் மஞ்சள் இல்லை, கறுப்புத்தான் இருக்கிறது. மயிலின் கழுத்துப் பச்சை எந்தக் கல்லிலும் இராது. மஞ்சளும் நீலமும் தாளில் சந்திக்கும்போதே அது பிறக்கும். இல்லாத நிறத்தை இருப்பவற்றின் கூட்டில் முன்கூட்டியே காணும் இத்திறன் உவமை தேடும் திறனுக்கு மிகத் தொலைவில் உள்ளதன்று.

இத்தொழிலுக்குப் பாடநூல் இல்லை, பட்டம் இல்லை. கல்லச்சுக் கூடங்களில் புதியவனுக்குக் கிடைக்கும் முதல் வேலை உலகெங்கும் ஒன்றே: மணலும் நீரும் இட்டுக் கல்மேல் கல் வைத்துத் தேய்ப்பது. பழைய வேலையின் உருவம் முற்றிலும் அழியும்வரை தேய்த்தாலே அடுத்த படத்திற்குக் கல் ஆயத்தமாகும். ஒரு கல்லச்சனின் வாழ்நாள் உழைப்பு அடுத்தவனின் பயிற்சியில் கரைந்தது. படங்கள் பூசையறைகளில் தங்கின; படத்தைப் பிரித்த கையின் சுவடு கல்லிலும் தங்கவில்லை, தாளிலும் பெயராக ஏறவில்லை.

ஓவியர் நிலை சற்று வேறு. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் தங்கி, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை எழுதி, 1940-களில் கோவில்பட்டியில் நிலைகொண்டவர் சி. கொண்டைய ராஜு (1898-1976). அவரும் டி.எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய அவர்தம் மாணவரும் தீட்டிய திருமகளும் மீனாட்சி திருக்கல்யாணமும் சிவகாசி வழியே நாடெங்கும் சென்றன. அவர்கள் படத்தின் மூலையில் கையெழுத்திட்டனர். முன்னோடியாக 1894-இல் பம்பாயில் கல்லச்சகம் தொடங்கிய ரவிவர்மாவும் கையெழுத்திட்டவரே. ஓவியத்தைப் பத்துக் கல்லாகப் பிரித்தவனுக்குக் கையெழுத்து உரிமை இல்லை. அவனும் ஒரு மொழிபெயர்ப்பாளனே. மொழிபெயர்ப்பாளர் பெயரை அட்டையில் போட மறுக்கும் பதிப்பாளர் பழக்கத்தோடு கவிஞர்கள் இதனை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியையும் மறைத்தல் ஆகாது. இவ்வட்டாரத்தில் ‘கையால் கற்றல்’ என்பது எப்போதும் இனிய சொல்லாக இருந்ததில்லை. பெட்டி ஒட்டவும் குச்சி அடுக்கவும் லேபிள் ஒட்டவும் பள்ளிக்குச் செல்ல வேண்டிய விரல்கள் பழக்கப்பட்டன. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு சிவகாசியைப் பெயர் சுட்டிப் பேசியது. பணியில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நலநிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது. பயிற்சி எது, சுரண்டல் எது என்னும் எல்லைக்கோடு இம்மண்ணில் இவ்வளவு காலந்தாழ்த்தே வரையப்பட்டது. கைவினையின் இழப்புக்கு வருந்துவோர் இதனையும் உடன் நினைத்தே வருந்த வேண்டும்.

கல்லின் இடத்தைத் துத்தநாகத் தகடும், பின்னர் ஆப்செட்டும் பிடித்தன. கேமரா நிறத்தைப் பிரித்தது. அடுத்து ஸ்கேனரும் கணிப்பொறியும் அப்பணியை ஏற்றன. ஆடிப் பதினெட்டில் அடுத்த ஆண்டு நாட்காட்டிகளுக்கான மாதிரி ஆல்பங்கள் வெளிவரும் வழக்கம் தொடர்கிறது; ஆனால் புள்ளி வைத்து நிறம் பிரித்த தலைமுறை அதற்குள் தொழிலிலிருந்து நீங்கிவிட்டது. அரை நூற்றாண்டு பழகிய ஓர் அறிவு சில ஆண்டுகளில் எவருக்கும் தேவையில்லாததாயிற்று. அதனை எழுதி வைக்க வேண்டும் என்று அச்சு நகரத்திலேயே எவருக்கும் தோன்றவில்லை என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி.

இதற்கு இணையாக ஓடிய மற்றொரு கிளை துளையச்சு. கல்லச்சு ஒட்டலும் விலகலுமாக நடப்பது. துளையச்சு வழி திறந்துவிடுவது. இதன் தத்துவம் தமிழருக்குப் புதிதன்று. எழுத்தாணியால் ஓலையைக் கீறியபின் கரி தடவித் துடைத்தால் கீறலில் மட்டும் கருமை நிற்கும். முதலில் வெட்டு, பிறகு மை. இன்னும் நெருங்கிய உவமை மார்கழி வாசலில் உள்ளது. துளையிட்ட தகரக் குழாயில் கோலமாவை நிரப்பித் தரையில் உருட்டினால் துளைகளின் வழியே மாவு இறங்கிக் கொடியும் பூவுமாய்ப் படிகிறதன்றோ? அக்குழாயைத் தாளின்மேல் உருட்டினால் அதுவே நகல்பொறி.

எடிசன் 1876-இல் துளைத்தாள் முறைக்குக் காப்புரிமை பெற்றார், ஏ.பி. டிக் அதனை 1887 முதல் மிமியோகிராப் என விற்றார். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் தொழில் நடத்திய டேவிட் கெஸ்டெட்னர் 1881-இல் சைக்ளோஸ்டைல் எழுதுகோலை அறிமுகப்படுத்தினார். மெழுகுத்தாளை எந்திரத்தில் சுற்றிக் கைப்பிடியைச் சுழற்றும் அந்த ஓசை தமிழகத்தில் வழக்கறிஞர் அலுவலகம், பள்ளி, தொழிற்சங்கம் எங்கும் கேட்டது. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலையில் தணிக்கைக்குத் தப்பிச் சுற்றிய துண்டறிக்கைகள் பலவும் இவ்வகைப் பொறிகளில் பிறந்தவையே. கையெழுத்து ஏட்டிலிருந்து அச்சேட்டுக்குப் போகக் காசில்லாத எத்தனையோ இளங்கவிஞர் வட்டங்களுக்கு இடைவழி அமைத்ததும் சைக்ளோஸ்டைல்தான். தட்டச்சு வேகத்தில் ‘ஓ’கார வளையத்தின் நடுத்தாள் விண்டு விழுந்து, எழுத்து மைக்கட்டியாய் அச்சேறிய அந்த ஏடுகளை இன்று நூலகத்தில் தேடினால் கிடைப்பது அரிது.

அதே முறை ஜப்பானில் வேறு பாதை சென்றது. ஹொரி ஷின்ஜிரோ 1894-இல் அங்கே நகலச்சை உருவாக்கியிருந்தார். போரில் நொறுங்கிய டோக்கியோவில் 1946-இல் நொபொரு ஹயாமா என்னும் இளைஞர் அவ்வகை அச்சுத்தொழில் ஒன்றைத் தொடங்கி அதற்கு ‘ரிசோ’ எனப் பெயரிட்டார். அச்சொல்லுக்கு இலட்சியம் என்பது பொருள். உணவுக்கே வழியில்லாத ஊரில் நகலெடுக்கும் கடைக்கு இலட்சியம் என்று பெயர் வைத்த துணிவைப் பாராட்டாதிருக்க முடியாது. 1954-இல் அந்நிறுவனம் பால்மக் கலவை மையைத் தானே செய்தது. 1977-இல் ‘பிரிண்ட் கொக்கோ’ என்னும் கையடக்கப் பொறியைத் தந்தது. புத்தாண்டு வாழ்த்தட்டையை வீட்டிலேயே பல நிறத்தில் அச்சிட அது உதவியது. கொக்கோ என்பது சிறுவரின் பாவனை விளையாட்டைக் குறிக்கும் சொல். 1980-களில் ரிசோகிராப் வந்தது.

குட்டி ஜப்பானின் பட்டறைகள் பெரிய ஜப்பானின் இக்கருவியைப் பொருட்படுத்தவில்லை. அவர்கள் கணக்கு இலட்சம் படிகளில் ஓடுவது. இதுவோ அலுவலகப் பொறி. ஆகவே தேர்வு வினாத்தாள், கோயில் விழா அழைப்பு, தேர்தல் நோட்டீசு என்ற அளவில் அதற்கு இடம் கிடைத்தது. அதனைக் கலைக்கருவியாகப் பார்த்தோர் வேறிடத்தில் இருந்தனர். நெதர்லாந்தின் நைமேகன் நகரத்து ‘க்னுஸ்ட்’ குழுவினர் 1980-களிலிருந்தே துளையச்சில் நூல் செய்தனர். பள்ளிகளும் தேவாலயங்களும் கழித்த பழைய பொறிகளை ஓவியரும் சிற்றேட்டாளரும் வாங்கிப் பழுது பார்த்து வைத்துக்கொண்டனர். இந்நூற்றாண்டில் லண்டன், கிளாஸ்கோ முதலிய நகரங்களில் அதற்கெனப் பட்டறைகள் எழுந்து, தொடக்கநிலையினருக்கு ஒருநாள், இருநாள் வகுப்புகள் நடத்துவது வழக்கமாயிற்று.

அவ்வகுப்புகளில் நடப்பது என்ன? பார்வைக்கு அது ஒரு நகல் எந்திரம். மூடியைத் திறந்து மூலப்படத்தை வைத்தால், உள்ளே வெப்பமுனை ஒன்று மெல்லிய படலம் ஒட்டிய நார்த்தாளில் எண்ணற்ற நுண்துளைகளைச் சுட்டெடுக்கும். அதற்கு மாஸ்டர் என்று பெயர். அது மை நிறைந்த உருளையில் தானே சுற்றிக்கொள்ளும். உருளை சுழல, தாள் அடியில் ஓட, மை துளைவழி இறங்கும். நிமிடத்திற்கு நூறு தாளுக்கு மேலும் ஓடும். இவ்வளவும் கோலக்குழாயே.

ஓர் உருளைக்கு ஒரே நிறம். இங்குதான் மாணவர் திகைப்பர். வண்ணப்படம் கொண்டுவந்தவரிடம் ஆசிரியர் அதனைத் தனித்தனித் தாளாகப் பிரிக்கச் சொல்வார். ஒவ்வொன்றும் கறுப்பிலும் சாம்பலிலும் இருக்க வேண்டும். கறுப்பு இருந்தால் நிறம் அழுத்தமாக விழும். சாம்பல் இருந்தால் மெலிந்து விழும். இளஞ்சிவப்புக்குரிய தாளைக் கறுப்பில் வரைந்துகொண்டே இளஞ்சிவப்பை நினைக்க வேண்டும். இது சிவகாசிக் கல்லச்சன் நாள்தோறும் கூலிக்குச் செய்த வேலை அன்றி வேறில்லை. அவன் ஆண்டுக்கணக்கில் கற்றதன் முதற்பாடத்தைப் பிறநாட்டு ஓவியர் கட்டணம் செலுத்தி ஒரு காலைப் பொழுதில் கற்கின்றனர்.

முதல் நிறம் ஓடியபின் உருளையை இழுத்தெடுத்து வேறு நிற உருளையைச் செருகி, அதே தாள்களை மீண்டும் அடுக்கி ஓட்டுவர். தாள் ஒவ்வொரு முறையும் இம்மியளவு விலகும். தொடக்கநிலையினர் இவ்விலகலைப் பிழையென்று கருதி வருந்துவர். சற்றுப் பழகியவர் விளிம்புகள் சற்றே மேற்படியும்படி முன்னமே வரைந்துவிடுவர். சிவகாசியில் இதே விலகல் கண்டால் தாள் கழிவுக்குப் போகும், சில வேளை கூலியும் குறையும். ஒரே பிழை ஓரிடத்தில் அழகென்றும் ஓரிடத்தில் குற்றமென்றும் ஆவது வாங்குவோரைப் பொறுத்தது.

மையிலும் ஒரு குணம் உண்டு. தாவர எண்ணெய் கலந்த அம்மை சூட்டால் உலர்வதில்லை. தாள் உறிஞ்சினால்தான் நிலைக்கும். எனவே வழவழப்பான ஆர்ட் தாள் ஆகாது; பூச்சில்லாத சொரசொரப்புத் தாளே வேண்டும். அப்படியும் அழுத்தமான நிறம் நாட்கணக்கில் விரலில் ஒட்டும். தாளின் முன்விளிம்பில் பெரிய இருட்பரப்பு வைத்தால் தாள் உருளையிலேயே ஒட்டிக்கொண்டு சிக்கும். ஓரம்வரை படம் போக முடியாது. வெள்ளை விளிம்பு விட வேண்டும். இவையெல்லாம் சொல்லித் தெரிவதைவிட நான்கு தாள் கெட்டபின் தெரிவது விரைவு. அதனால்தான் இது சொற்பொழிவாக அன்றி வகுப்பாக நடக்கிறது.

செலவுக் கணக்கு கவிஞர்களுக்கு உரியது. மாஸ்டருக்கு ஆகும் செலவு பத்துப் படிக்கும் ஒன்று, ஐந்நூறு படிக்கும் ஒன்று. பத்துப் படிக்கு நகல் எந்திரம் மலிவு. பல்லாயிரத்துக்கு ஆப்செட் மலிவு. நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடைப்பட்ட வெளியே ரிசோவின் நாடு. தமிழில் ஒரு முதல் கவிதைத் தொகுதி உண்மையில் விலைபோகும் எண்ணிக்கையும் அந்த வெளியில்தான் இருக்கிறது. மிச்சப்படிகளைக் கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைத்திருப்போருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

தமிழகத்தில் கையச்சு நூலுக்கு உலகக் கவனம் ஈட்டியது ரிசோ அன்று, அதன் உடன்பிறப்பான பட்டுத்திரை அச்சு. கீதா உல்ஃப் 1994-இல் சென்னையில் தொடங்கிய தாரா பதிப்பகம், பசித்த சிங்கத்தைப் பற்றிய சிறுவர் நூல் ஒன்றைக் கையால் திரையச்சிட்டுக் காட்ட, கனடாப் பதிப்பாளர் 8,000 படி கேட்டார். ஆறுமுகம் என்னும் கைவினைஞர் தலைமையில் ஒரு குழு அமைந்து ஒவ்வொரு பக்கத்தையும் ஒவ்வொரு நிறமாகக் கையால் இழுத்து முடித்தது. கோண்டு ஓவியர் பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்து 2006-இல் வெளிவந்த மரங்களின் இரவு வாழ்வு பற்றிய நூலும் அவ்வழியில் வந்து, 2008-இல் பொலோனியா விருது பெற்றது. அங்கே அச்சிட்டவர் பெயரும் நூலில் ஏறியது. கல்லச்சர்களுக்குக் கிடைக்காத ஓர் இடம் அச்சுத்தொழிலாளிக்குக் கிடைத்தது சென்னையில், சிவகாசியில் அன்று.

சிவகாசி, திருத்தங்கல் வட்டாரத்தில் எந்திரத்திற்குக் குறைவில்லை, மைக்கும் தாளுக்கும் குறைவில்லை, பழுது பார்ப்பவருக்கும் குறைவில்லை. வெளிநாட்டு வகுப்புகளில் முதலில் எழும் கேள்வி ‘எந்த நிறத்தை முன்னே ஓட்டுவது?’ என்பது. ஆசிரியர்கள் மாதிரித் தாள்களை எடுத்து வைத்து, இரண்டு வரிசையிலும் ஓட்டிக் காட்டி, நீலத்தின்மேல் மஞ்சளும் மஞ்சளின்மேல் நீலமும் ஒரே பச்சையைத் தருவதில்லை என்பதை விளக்குவர். கல்லச்சுக் கூடத்தில் அக்கேள்வி எழுந்ததில்லை. அங்கே பெரும்பாலும் மஞ்சள் முதலிலும் கறுப்பு கடைசியிலும் ஏறின. ஏன் அவ்வாறு என்று கை அறிந்தவர்களுள் மிகச் சிலரே, அதுவும் முதுமையில், இன்னும் இருக்கக்கூடும். அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு மாலைப்பொழுதும் ஒரு குறிப்பேடும் போதும்.